வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடிய கடை சர்வரில் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கு ஆன்லைன் கடை போட்டுக் கொடுக்கிறேன். டவுன் அல்வா, பத்தமடைக் கோரைப்பாய், உடன்குடிக் கருப்பட்டி, காருகுறிச்சி மண்பாண்டம், அம்பாசமுத்திரம் மரச்சொப்பு என்று சரக்கு ஒவ்வொன்றும் வேறு. பழுது மட்டும் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வர் போல ஓடவைக்கும் சாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு, அதில் கடை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸும் ஊகாமர்ஸும் அல்லது ஓப்பன்கார்ட் நிறுவி, பொருளையெல்லாம் ஏற்றி, எல்லாம் சரியாக வந்ததும் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும் வாடகை சர்வருக்குக் கொண்டு போவார்கள். போன இடத்தில் கடை நின்றுவிடும். உடனே மென்பொருள் சரியில்லை, வேறு மாற்றலாம் என்று பேச்சு வரும். மாற்ற வேண்டாம். நான் சரிசெய்த கடைகளில் முக்கால்வாசியில் மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. வீடு மாறும்போது விலாசம் மாற்றாமல் விட்டதுதான் குறை.

அதனால் எதைத் தொடும் முன்னாலும் ஒரு கேள்வி: இதே பழுது கம்ப்யூட்டரிலும் வருகிறதா, சர்வரில் மட்டும் வருகிறதா? இரண்டிலும் வந்தால் பிளகினிலோ (கடையோடு சேர்க்கும் துணை மென்பொருள்) பொருள் விவரத்திலோ தேடுங்கள். சர்வரில் மட்டும் வந்தால் இடம் மாறியதில் தேடுங்கள்.

தொடும் முன் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கடையின் போல்டர் முழுவதும் ஒன்று, பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் பக்கம்) எக்ஸ்போர்ட் செய்த டேட்டாபேஸ், அதாவது பொருளும் ஆர்டரும் சேமித்திருக்கும் தொகுப்பு, ஒன்று. இரண்டும் வேண்டும், ஒன்றை வைத்துக் கடையை மீட்க முடியாது. அந்தப் பிரதி அதே கம்ப்யூட்டரில் இருக்கவும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு கடைக்குள் மேசை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. கடைக்காரரிடம் இருந்த ஒரே பிரதி மேசைக்குக் கீழிருந்த சிபியூவில் இருந்தது. அத்தனை பொருளையும் மறுபடி படம் எடுத்து, மறுபடி எடை போட்டு எழுதினோம். அன்றிலிருந்து பிரதியை வெளியே ஒரு இடத்தில் வைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறேன்.

அறிகுறி: கம்ப்யூட்டரில் அப்பாச்சி ஸ்டார்ட் ஆகவில்லை

அப்பாச்சி என்பது சாம்பில் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் பகுதி. சாம்ப் பேனலில் ஸ்டார்ட் அழுத்தினால் ஒரு நொடி பச்சை வந்து போய்விடும். அதற்கு வேண்டிய 80 அல்லது 443 என்ற போர்ட்டை (செய்தி வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. பேனலிலேயே நெட்ஸ்டாட் என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எது பிடித்திருக்கிறது என்று தெரியும். விண்டோஸின் 'வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்' என்றால் சர்வீசஸில் போய் அதை நிறுத்துங்கள்.

நிறுத்த முடியாவிட்டால் அப்பாச்சியை 8080க்கு மாற்றலாம். ஆனால் அதன்பிறகு கடையின் விலாசத்தோடு 8080 என்ற எண்ணும் டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சர்வருக்கு மாறும் அன்று அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

அறிகுறி: கரண்ட் போய் வந்த பிறகு மைஎஸ்க்யூஎல் உடனே நின்றுவிடுகிறது

நம் பக்கம் அடிக்கடி வருவது இது. மைஎஸ்க்யூஎல் என்பது சாம்பில் டேட்டாபேஸை நடத்தும் பகுதி. யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் பொருள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். வந்த பிறகு மைஎஸ்க்யூஎல் பக்கத்தில் சிவப்பில் 'ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று வரும். பதறிப்போய் சாம்பை அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். உங்கள் பொருள் பட்டியல் அந்தப் போல்டருக்குள்தான் இருக்கிறது.

*முதலில் எளிதானது.* வேறு ஒரு மைஎஸ்க்யூஎல் 3306 போர்ட்டில் ஓடுகிறதா என்று நெட்ஸ்டாட்டில் பாருங்கள். ஓடினால் அதை நிறுத்தினால் போதும்.

*அதில்லை என்றால்* டேட்டா ஃபைல்கள் பாதியில் நின்றிருக்கின்றன. இந்த வரிசையில் செய்யுங்கள். சாம்ப் போல்டருக்குள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் போல்டரை அப்படியே வேறிடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு அதற்குள் இருக்கும் 'டேட்டா' போல்டருக்குப் 'பழைய டேட்டா' என்று பெயர் மாற்றுங்கள். பக்கத்திலேயே 'பேக்கப்' என்று ஒரு போல்டர் இருக்கும். அதைக் காப்பி செய்து அந்தக் காப்பிக்கு 'டேட்டா' என்று பழைய ஆங்கிலப் பெயரையே வையுங்கள். இப்போது பழையதிலிருந்து உங்கள் கடையின் டேட்டாபேஸ் பெயரில் உள்ள போல்டரையும், 'ஐபிடேட்டா1' என்ற ஃபைலையும் புதியதற்குள் போடுங்கள். அந்த ஃபைல் அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கும். அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். பழையதில் உள்ள 'மைஎஸ்க்யூஎல்', 'பர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா', 'பிஎச்பிமைஅட்மின்' போல்டர்களைக் கொண்டுவராதீர்கள். பிறகு ஸ்டார்ட் அழுத்துங்கள்.

பலரும் சறுக்குவது அந்த ஐபிடேட்டா1 ஃபைலில்தான். கடை போல்டரை மட்டும் போட்டுவிட்டு அதை விட்டுவிட்டால் டேபிளின் பெயர் தெரியும், திறந்தால் 'இல்லை' என்று சொல்லும்.

*ஆள் கூப்பிட வேண்டிய இடம்:* இதையும் செய்து நின்றுவிட்டால், பிழைப் பதிவேடான லாக் பார்த்து மீட்கத் தெரிந்தவரிடம் அந்த முதல் காப்பியைக் கொடுங்கள். அதற்குமேல் நீங்களே முயன்றால் மீட்கக்கூடியதும் போகும். இனிமேல் கம்ப்யூட்டரை அணைக்கும் முன் பேனலில் ஸ்டாப் அழுத்திவிட்டு அணையுங்கள்.

அறிகுறி: சர்வரில் டேட்டாபேஸ் இம்போர்ட் ஆகவில்லை

*பாதியில் நின்றால்* ஃபைல் பெரிது. இம்போர்ட் பக்கத்திலேயே அதிகபட்ச அளவு எழுதியிருக்கும். ஜிஜிப் ஆகச் சுருக்கி ஏற்றிப் பாருங்கள், அநேகமாக நுழைந்துவிடும். நுழையாவிட்டால் சர்வரை வாடகைக்குக் கொடுத்தவரின் சப்போர்ட்டில் சொன்னால் அவர்களே ஏற்றித் தருவார்கள்.

*'அன்நோன் கொலேஷன்' என்று வந்தால்* உங்கள் கம்ப்யூட்டரில் சாம்போடு வந்தது அல்லாமல் தனியாகப் போட்ட மைஎஸ்க்யூஎல் 8 இருக்கிறது, சர்வரில் அதற்கு மாற்றான மரியாடிபியோ பழைய பதிப்போ இருக்கிறது. கொலேஷன் என்பது எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையின் பெயர். எக்ஸ்போர்ட் ஃபைலை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, 'யூடிஎஃப்8எம்பி4' என்று தொடங்கி நடுவில் 0900 என்ற எண் வரும் கொலேஷன் பெயரைத் தேடி, அந்த இடமெல்லாம் 'யூடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ' என்று மாற்றுங்கள். பெயரை சர்வரின் கொலேஷன் பட்டியலிலிருந்தே எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதியை 'யூடிஎஃப்8எம்பி4' ஆகவே விடுவது முக்கியம். அதையும் சேர்த்து மாற்றினால் இம்போர்ட் நிற்கலாம், அல்லது தமிழ் கெடலாம்.

அறிகுறி: 'எர்ரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்'

கடையால் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று பொருள். கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் யூசர் பெயர் 'ரூட்', பாஸ்வேர்ட் காலி. சர்வரில் அது நடக்காது. சர்வரை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் டேட்டாபேஸும் யூசரும் புதிதாக உருவாக்கி, அதை வேர்ட்பிரஸின் கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டும்.

உருவாக்கும்போது 'கடை' என்று பெயர் கொடுத்திருப்பீர்கள். சிபேனல் உங்கள் அக்கவுன்ட் பெயரை முன்னால் ஒட்டி, ஒரு அடிக்கோடும் போட்டுத்தான் வைக்கும். கான்ஃபிக்கில் முழுப்பெயர் வேண்டும். அடுத்து, யூசரை டேட்டாபேஸோடு சேர்த்து 'ஆல் பிரிவிலெஜஸ்' கொடுத்தீர்களா என்று பாருங்கள். இரண்டையும் உருவாக்கிவிட்டு இணைக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர். மூன்றாவது ஹோஸ்ட் பெயர், அதாவது டேட்டாபேஸ் இருக்கும் கம்ப்யூட்டரின் பெயர். பெரும்பாலும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே இருக்கும். சில சர்வர்களில் வேறு பெயர், வரவேற்பு மெயிலில் எழுதியிருப்பார்கள்.

ஓப்பன்கார்ட் என்றால் கான்ஃபிக் ஃபைல் இரண்டு: வெளியே ஒன்று, அட்மின் போல்டருக்குள் ஒன்று. ஒன்றை மட்டும் மாற்றினால் கடை திறக்கும், கடையை நிர்வகிக்கும் அட்மின் பக்கம் திறக்காது, அல்லது மறுதலை. இரண்டிலும் டேட்டாபேஸ் விவரத்தோடு 'சி டிரைவ்' என்று தொடங்கும் போல்டர் பாதைகளையும் சர்வரின் பாதையாக மாற்றுங்கள்.

அறிகுறி: எனக்குப் படம் தெரிகிறது, வாடிக்கையாளருக்குத் தெரியவில்லை

பத்தமடையில் ஒரு வீடு. அம்மா பாய் நெய்கிறார், மகன் கடையைச் சர்வரில் ஏற்றியிருக்கிறான். போனில் கூப்பிட்டான்: "அண்ணாச்சி, என் சிஸ்டத்துல எல்லாப் பாயும் பளிச்சுனு தெரியுது. சென்னையில உள்ளவங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியலைங்காங்க. அவங்க போன் சரியில்லையோ?"

நேரில் போனேன். அவன் கம்ப்யூட்டரில் கடையைத் திறந்தால் உண்மையிலேயே படம் வந்தது. கல்யாணப் பாய், அதில் நெய்த பெயர், சாயக்கரை எல்லாம். கீழே டாஸ்க்பாரில் சாம்பின் ஆரஞ்சு ஐகான் இருந்தது. "அதை நிறுத்து தம்பி" என்றேன். நிறுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினான். ஒரு பாய்கூட இல்லை, வெறும் கட்டங்கள்.

பக்கம் சர்வரிலிருந்து வந்தது. படங்களின் விலாசம் மட்டும் இன்னும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் பார்ப்பவரின் சொந்தக் கம்ப்யூட்டர். அவனிடம் சாம்ப் ஓடியதால் படம் அங்கிருந்தே வந்தது. சென்னைக்காரர் போனில் எங்கிருந்து வரும்? அதனால் சோதிக்கும்போது எப்போதும் சாம்பை நிறுத்திவிட்டு, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் போனிலும் பாருங்கள்.

*திருத்துவது.* பிஎச்பிமைஅட்மினில் ஆப்ஷன்ஸ் டேபிளைத் திறந்து 'சைட்யுஆர்எல்', 'ஹோம்' இரண்டையும் புது விலாசமாக மாற்றுங்கள். இது முடியாமல் அட்மினுக்குள் நுழையவே முடியாது. லாகின் அழுத்தினால் லோக்கல்ஹோஸ்டுக்கு ஓடும். உள்ளே நுழைந்ததும் 'பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்' பிளகினைப் போட்டு, பழைய விலாசத்தைக் கொடுத்து முதலில் டிரை ரன் ஓட்டுங்கள். எத்தனை இடம் என்று காட்டும். பிறகு உண்மையாக ஓட்டுங்கள்.

விலாசத்தை மாற்ற எக்ஸ்போர்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது அந்த வரியின் நீளத்தையும் பக்கத்திலேயே எண்ணாக எழுதி வைக்கும். விலாசம் நீண்டு எண் பழையதாக நின்றால் அந்த அமைப்பு மொத்தமும் படிக்கப்படாது. மெனுவும் விட்ஜெட்டும் காணாமல் போவது இதனால்தான்.

*விலாசம் சரி, சில படம் மட்டும் வரவில்லை என்றால்* ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. கேமரா வைக்கும் பெயரில் கடைசி மூன்றெழுத்து பெரிதாக இருக்கும். பொருள் பட்டியலில் சிறிதாக எழுதியிருப்பீர்கள்.

*படமெல்லாம் வருகிறது, பூட்டுக்குறி மட்டும் வரவில்லை என்றால்* பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்ட பிறகும் விலாசம் எஸ் இல்லாத பழைய எச்டிடிபியிலேயே நிற்கிறது. அதே பிளகினால் மாற்றலாம். மூன்று மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் திடீரென்று 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் வேறு காரணம்: இலவச லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான் செல்லும், தானாகப் புதுப்பிக்கும் வசதி நின்றிருக்கிறது. சப்போர்ட்டில் சொல்லுங்கள்.

அறிகுறி: முகப்பு திறக்கிறது, பொருளைத் தொட்டால் 404

404 என்றால் அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்று பொருள். அட்மினில் செட்டிங்ஸ், பர்மாலிங்க்ஸ் போய் ஒன்றையும் மாற்றாமல் சேவ் மட்டும் அழுத்துங்கள். பாதிப் பேருக்கு இத்தோடு முடியும்.

முடியாவிட்டால், இணைப்புகளுக்கு வழிகாட்டும், புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்ஸஸ் ஃபைல் சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். சிபேனல் ஃபைல் மேனேஜரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால்தான் கண்ணுக்குப் படும். வீட்டில் கடை ஒரு துணை போல்டருக்குள் இருந்திருந்தால் அந்த ஃபைலில் போல்டர் பெயர் மிச்சம் இருக்கும், அதை எடுங்கள்.

பொருளுக்குத் தமிழில் பெயர் வைப்பது நல்லது, வைத்தே ஆக வேண்டும். இணைப்பின் வாலை (விலாசத்தின் கடைசியில் பொருளின் பெயர் வரும் பகுதி) மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள். வேர்ட்பிரஸ் அதற்கு 200 இடம்தான் ஒதுக்கியிருக்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம் போகும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. ஆக 22 குறியில் பெயர் வெட்டுப்பட்டு நிற்கும்.

அறிகுறி: தமிழ் எழுத்து கெட்டுவிட்டது

எப்படிக் கெட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

தலையில் கோடும் கொம்பும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, படிக்கிற முறைதான் தவறு. கான்ஃபிக் ஃபைலில் டிபி சார்செட்டை 'யூடிஎஃப்8எம்பி4' ஆக்குங்கள். ஏற்கெனவே அதுதான் என்றால் இம்போர்ட் செய்தபோது எழுத்து வகை தவறாகத் தேர்வாகியிருக்கும், மறுபடி இம்போர்ட் செய்யுங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், அதுவும் டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாலும் கேள்விக்குறியாகவே இருந்தால், அந்தத் தமிழ் போய்விட்டது. எந்த நிபுணராலும் கேள்விக்குறியிலிருந்து 'கருப்பட்டி'யைத் திரும்ப எடுக்க முடியாது. வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள பிரதியிலிருந்து மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி. அதனால் சர்வரில் கடை திறந்து ஒரு மாதமாவது ஆகும்வரை வீட்டுப் பிரதியை அழிக்காதீர்கள்.

அறிகுறி: வெள்ளைப் பக்கம், அல்லது 500

500 என்றால் சர்வருக்குள் பிழை என்று பொருள். வீட்டிலும் சர்வரிலும் பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) பதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், சிபேனலில் மாற்றிக்கொள்ளலாம். அடுத்து மெமரி லிமிட்டை 256 எம்பி ஆக்குங்கள். பிறகு பிளகின்ஸ் போல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள். கடை திறந்தால் குறை ஒரு பிளகினில். அட்மினில் பிளகின்ஸ் பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு, பெயரைத் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக இயக்கி எதில் நிற்கிறது என்று பிடியுங்கள். யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண் போல்டர்களுக்கு 755, ஃபைல்களுக்கு 644. 777 கொடுக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள், அது வாசலைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவது. இவ்வளவும் பார்த்தாயிற்று என்றால் எர்ரர் லாக் ஃபைலின் கடைசி இருபது வரியை எடுத்துக்கொண்டு ஆளிடம் போங்கள்.

அறிகுறி: கார்ட்டில் போட்ட பொருள் மறைகிறது

கடைக்கு இரண்டு விலாசம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: முன்னால் மூன்று டபிள்யூ உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. ஒன்றில் போட்டது மற்றதில் தெரியாது. ஒன்றை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்தது கேஷிங். வேகத்துக்காகப் பக்கத்தைச் சேமித்துக் கொடுக்கும் பிளகின் கார்ட், செக்அவுட், மை அக்கவுன்ட் பக்கங்களையும் சேமித்தால் பழைய கார்ட்டையே காட்டும். அந்த மூன்றையும் விலக்குப் பட்டியலில் போடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே வாடிக்கையாளர் நீங்கள் ஒருவர்தான். இரண்டு போனில் ஒரே நேரத்தில் சோதியுங்கள்.

ஒருவர் செக்அவுட் பக்கத்தில் இன்னொருவரின் பெயரும் வீட்டு விலாசமும் தெரிந்தால் அந்த நிமிடமே கேஷிங்கை முழுக்க நிறுத்துங்கள். அது சர்வர் மட்டத்தில் இருந்தால் உங்களால் நிறுத்த முடியாது. சப்போர்ட்டுக்குப் போன் போடுங்கள், அதுவரை கடையை மூடி வையுங்கள். விற்பனை போனால் நாளைக்குப் பிடிக்கலாம். வாடிக்கையாளரின் விலாசம் வெளியே போனது போனதுதான்.

அறிகுறி: 'உங்கள் முகவரிக்கு டெலிவரி இல்லை'

ஷிப்பிங் ஜோனில் (எந்தப் பகுதிக்கு என்ன கட்டணம் என்ற பிரிவு) பின்கோடு தவறு. நெல்லை வட்டாரத்துக்கு 627 போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஊகாமர்ஸ் ஜோன்களை மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். 'இந்தியா முழுவதும்' மேலே நின்றால் மேலப்பாளையத்துக்காரருக்கும் டில்லிக் கூரியர் கட்டணம் விழும். உள்ளூர் ஜோனை மேலே இழுத்து வையுங்கள்.

அறிகுறி: ஆர்டர் மெயில் வரவில்லை

சாம்பில் வராது, வராததே இயல்பு. சர்வரில் வரவில்லை என்றால் ஸ்பேமைப் பாருங்கள். அனுப்புநர் விலாசம் கடையின் சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) இருக்கட்டும். உங்கள் மெயில் கணக்கு வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் போட்டு 587 போர்ட்டில் அனுப்புங்கள். மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்து வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை டொமைனுக்குச் சேருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இவற்றில் ஒன்றாவது இல்லாத டொமைனிலிருந்து வரும் மெயிலை ஜிமெயில் ஏற்க மறுக்கலாம்.

அறிகுறி: பணம் போய்விட்டது, ஆர்டர் 'பெண்டிங்'கில் நிற்கிறது

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு கிலோ அல்வாவுக்குப் பணம் கட்டிய ஒருவருக்கு 'ஆர்டர் ரத்து' என்று மெயில் போனால் அவர் உங்களை என்ன நினைப்பார்?

*கம்ப்யூட்டரில் சோதிக்கும்போது வந்தால்* அது பழுதே இல்லை. பணம் வந்துவிட்டது என்று, வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் வெளியிலிருந்து கடையின் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் வெப்ஹுக். லோக்கல்ஹோஸ்டுக்கு வெளியிலிருந்து வழி கிடையாது. என்க்ராக் போன்ற சுரங்கப்பாதை போட்டுச் சோதிக்கலாம், அல்லது சர்வரில் ஒரு சோதனைக் கடை வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

*சர்வரில் வந்தால்* கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹுக் பதிவைத் திறந்து கடை சொன்ன பதில் எண்ணைப் பாருங்கள். 404 என்றால் வெப்ஹுக் விலாசம் பழையது. 403 என்றால் உங்கள் செக்யூரிட்டி பிளகினோ சர்வரின் ஃபயர்வாலோ தடுக்கிறது. 200 என்று இருந்தும் ஆர்டர் நகரவில்லை என்றால் வெப்ஹுக்கின் ரகசியச் சொல்லான சீக்ரெட் பொருந்தவில்லை, அல்லது வெப்ஹுக் சோதனைக்கான டெஸ்ட் பக்கத்திலும், கடையைக் கேட்வேயோடு இணைக்கும் கீ உண்மைப் பணத்துக்கான லைவ் பக்கத்திலுமாக இருக்கிறது. கேட்வே ரேஸர்பே என்றால் கீயின் முன்பாதியிலேயே டெஸ்டா லைவா என்று எழுதியிருக்கும்.

ஊகாமர்ஸில் 'ஹோல்ட் ஸ்டாக்' என்று ஒரு அமைப்பு, இயல்பாக 60 நிமிடம். அதற்குள் பணம் வந்த செய்தி வராவிட்டால் பெண்டிங் ஆர்டரைத் தானாக ரத்து செய்துவிடும். பணம் கேட்வேயில் இருக்கும், ஆர்டர் ரத்தாகி இருக்கும். வெப்ஹுக் சரியாகும்வரை அந்த எண்ணைக் காலியாக விடுங்கள்.

ஆர்டரைக் கையால் 'பிராசஸிங்' ஆக்கும் முன் கேட்வேயில் அந்தப் பணம் 'கேப்சர்ட்' (பணம் எடுக்கப்பட்டது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிச் சரக்கை அனுப்பாதீர்கள். 'ஆத்தரைஸ்டு' என்று மட்டும் இருந்தால் பணம் இன்னும் உங்களுடையது இல்லை.

கேட்வேயிலும் பணம் இல்லை, வாடிக்கையாளர் கணக்கிலும் இல்லை என்றால் நீங்களோ நானோ தேட முடியாது. கேட்வே சப்போர்ட்டைக் கூப்பிடுங்கள். கூப்பிடும் முன் ஆர்டர் எண், பேமென்ட் ஐடி, வங்கி தந்த யூடிஆர் எண் (பணப் பரிமாற்ற எண்), தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்மினில் டைம்சோன் கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் நேரத்துக்கும் அவர்கள் பார்க்கும் நேரத்துக்கும் ஐந்தரை மணி நேரம் இடிக்கும்.